புதன்கிழமை ஊசியும் அம்மாவின் கையும்

போன வருஷம் ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை, சித்தி மகளையும் அவள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஒன்றரை மாத ஊசி. ராத்திரி பெய்த மழையில் ரப்பர் தோட்டத்து வழி சேறாகிக் கிடந்தது. திண்ணையில் ஏழெட்டு அம்மாமார் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக எடை பார்த்தார்கள், அட்டையில் எழுதினார்கள், வாயில் சொட்டு மருந்து விட்டார்கள், தொடையில் ஊசி போட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் முறை முடிந்து எழுந்திருக்கும்போது நான் கேட்டேன்: "சிஸ்டர், இவளுக்கும் ஒருதடவை பிபி பாத்திருவீங்களா?" அந்த நர்சம்மா நிமிர்ந்து தங்கையைப் பார்த்து, "பிள்ளைக்குத்தானே ஊசி மக்ளே, உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடாமல் பின்தொடர்கிறது. தங்கைக்கு ஒன்றும் செய்யவில்லை. தலைவலி இல்லை, காலில் நீர் இல்லை, முகம் தெளிவாக இருந்தது. ஆனால் அவளுக்கு எட்டாம் மாதம் முதல் பிபி இருந்தது. ஊசிக்கு வந்த இடத்தில் அந்த விஷயத்தைக் கேட்க ஆள் இல்லை. பிள்ளையின் எடை 4 கிலோ 200 கிராம் என்று அந்தத் திண்ணையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளையைப் பெற்றவளின் பிபி என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என் பிபி என்ன என்று யாரும் கேட்காமல், எனக்கே தெரியாமல் நானும் இருந்தேன், நான்கு வருஷம்.

தைலம் தேய்த்த தலைவலி

என் மகள் பிறந்தது 2018இல். எனக்கு அப்போது 27 வயது. ஏழாம் மாதம் கால் வீங்கியது, செருப்பு ஏறவில்லை. "பிள்ளை வயித்துல இருந்தா கால்ல நீர் வரத்தான் செய்யும்" என்றார்கள். அது பொதுவாக உண்மையும்கூட. எட்டாம் மாதம் போனபோது 150/100. மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் சிறுநீரில் புரதம் போவதாகச் சொன்னார்கள். 36ஆவது வாரத்தில் 170/110க்குப் போய்விட்டது. அன்றைக்கே ஆபரேஷன். மகள் 2 கிலோ 100 கிராம்.

வார்டில் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம், "பிள்ளை பிறந்தாச்சு, இனி பிபி தானா இறங்கிரும்." அதைக் கேட்டு நான் எவ்வளவு நிம்மதியடைந்தேன் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். அம்மா வீட்டுக்கு வந்தோம். ஆறாம் நாள் தலைவலி தொடங்கியது. பின்மண்டையிலிருந்து நெற்றிக்கு ஏறுகிற வலி. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. நடுவில் சில நேரம் கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னப் பூச்சிகள் பறப்பதுபோல் இருந்தது. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "தலையில வெள்ளம் விட்டதுல நீர் கோத்திருக்கும்" என்றார். அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். ராத்திரி உறக்கம் இல்லாததால்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் வலி போய்விட்டது. வீட்டில் பிபி மெஷின் இல்லை. இருந்திருந்தாலும் அதை எடுத்திருப்போமா என்று சந்தேகம்தான். பிபி என்பது முடிந்துபோன விஷயம் அல்லவா.

மாத்திரையைப் பத்தாம் நாள் நிறுத்தினேன். அட்டை தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "பால் குடுக்கிற நேரம் மாத்திரை தின்னாண்டாம், பிள்ளைக்குப் போவும்" என்று சொன்னதும் ஒரு காரணம். தையல் பார்க்கப் போனபோது தையலைப் பார்த்தார்கள், "நல்லா ஆறியிருக்கு" என்றார்கள். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

"நீயும் கையை நீட்டு மக்ளே"

2022இல் ஒரு நாள். பள்ளிக்கூட விடுமுறை, மகளோடு அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குப் பிபியும் சுகரும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை தந்துவிட்டுப் போவார். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர், எங்கள் ஊர்க்காரர்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றியாக இருக்கிறது.

அம்மாவுக்குப் பார்த்து முடித்து, கையில் சுற்றிய பட்டையை உருவி மடக்கப்போனவர் என்னைப் பார்த்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன். "சும்மாதானே இருக்கே, நீயும் கையை நீட்டு மக்ளே" என்றார். எனக்கு எதற்கு என்று சிரித்தேன். மடியில் இருந்த கிழங்கை முறத்தில் போட்டுவிட்டு, மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்து நீட்டினேன். பட்டை இறுகியது, ஒரு நொடி நின்றது, மெதுவாகத் தளர்ந்தது. திரையில் 162/104.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் காட்டவில்லை. பட்டையைக் கழற்றினார். "குத்தவச்சு இருந்து வேலை செஞ்சதுல கூடியிருக்கும், நாற்காலியில சாஞ்சு இரி" என்றார். ஒரு தம்ளர் வெள்ளம் குடிக்கச் சொன்னார். பேசவிடவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். 158/100. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "பிள்ளையை வயித்துல வச்சிருக்கும்போ பிபி இருந்துதா?"

அந்த நான்கு வருஷத்தில் நான் டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. காய்ச்சலுக்குப் போனேன், பல்லுக்குப் போனேன், மகளைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது போனேன். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. நானாகச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஆமாம் என்று நான் சொன்னதும் அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அந்தத் தலைவலி அவளுக்கு நினைவு வந்துவிட்டது என்பதை முகத்திலேயே பார்த்தேன். "நான்தானே தைலம் தேச்சேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்து பிரசவ ஃபைலை எடுத்தேன். பிளாஸ்டிக் கவர், உள்ளே ஸ்கேன் படங்கள், ரசீதுகள், தாய்சேய் அட்டை. அட்டையில் ஊசிப் பக்கம் தேதியும் கையெழுத்துமாக நிரம்பியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய என் பக்கம் வெறும் கட்டங்களாக இருந்தது. டிஸ்சார்ஜ் தாளில், கடைசியில், "பிபி மானிட்டரிங், ரிவ்யூ" என்று ஒரு வரி. அந்தத் தாளை நான் எத்தனையோ தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன், உதவித்தொகைக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு. அந்த வரியை வாசித்தது அன்றைக்குத்தான்.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போனேன். சிறுநீர், கிரியாட்டினின், இசிஜி எல்லாம் பார்த்தார். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு வந்த பிபி இல்லம்மா. அன்னைக்கு வந்தது போகாமலே இருந்திருக்கலாம், போய்ட்டு திரும்பவும் வந்திருக்கலாம். நடுவுல பாக்காததுனால ரெண்டுல எதுன்னு சொல்ல வழியில்ல" என்றார்.

ஆறாம் நாளில் என்ன நடந்தது

அதற்கப்புறம்தான் வாசிக்க ஆரம்பித்தேன். என் வைத்தியம் என் டாக்டர் கையில்தான், நான் டீச்சர். ஆனால் என் உடம்பில் நடந்தது என்ன என்று எனக்குப் புரியவேண்டியிருந்தது.

முதலில் அந்தத் தலைவலி. பிரசவம் முடிந்ததும் பிபி இறங்கிவிடும் என்பது பாதிதான் சரி. முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் இறங்கும். அதற்கப்புறம், கர்ப்பத்தின்போது உடம்பில் தேங்கிய நீரெல்லாம் திரும்ப ரத்தத்தில் சேரும்போது, மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறி உச்சத்துக்குப் போகும். ஆரோக்கியமான பெண்ணுக்கும் கொஞ்சம் ஏறும். ஏற்கெனவே பிபி வந்தவளுக்கு இது ஆபத்தான நேரம். சரியாக இந்த நேரத்தில்தான் நாம் வீட்டுக்கு வருகிறோம். பிபி கூடி வருகிற வலிப்பு பிரசவத்துக்கு முன்னால் மட்டும் வருவதல்ல, பிள்ளை பிறந்தபிறகும் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், சிலருக்கு வாரங்கள் கழித்தும் வரும். மூளையில் ரத்தக்கசிவும் இந்த நாட்களில் நேரலாம். அதனால்தான் கர்ப்பத்தில் பிபி கடுமையாக இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாளுக்குள் ஒருமுறை கண்டிப்பாகப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. 160/110ஐத் தொட்டால், பதினைந்து நிமிஷத்தில் மறுபடி பார்த்தும் இறங்காவிட்டால், அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிடவேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலி, மூச்சுமுட்டல், இவற்றில் எது இருந்தாலும் எண் எவ்வளவு என்று பாராமல் போகவேண்டும்.

எங்கள் பாட்டி, தன் அக்கா பிள்ளை பெற்ற எட்டாம் நாள் ஜன்னி கண்டு செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் காய்ச்சலில் பிதற்றினாலும் ஜன்னி, கை கால் இழுத்தாலும் ஜன்னி. அது எந்த ஜன்னி என்று இப்போது யாரால் சொல்லமுடியும்? "காலையில தலை வலிக்குன்னு சொன்னா" என்று பாட்டி கதையை ஆரம்பிப்பாள். சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்பேன். என் ஆறாம் நாளில் அது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது விஷயம் நீண்டகாலத்தைப் பற்றியது. பிரசவ பிபி பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் இறங்கிவிடும். அதற்கப்புறமும் இருந்தால் அது நிலையான பிபி. இறங்கிவிட்டாலும் கணக்கு முடிவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 35 லட்சம் பெண்களின் விவரத்தை 2007இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். என்னைப்போல் சிறுநீரில் புரதத்தோடு பிபி வந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நிலையான ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல். இதயநோயும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2011இலேயே அமெரிக்க இதயச் சங்கம் பெண்களின் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் இதையும் சேர்த்துவிட்டது. எனக்கு மகள் பிறந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து.

இதை வாசித்தபோது பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் வாசித்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் 220 பெண்களை வைத்து நடத்தி 2023இல் வெளியான ஓர் ஆய்வு. பிரசவமான சில நாட்களிலேயே பாதிப் பேருக்கு வீட்டிலேயே தாங்களே பிபி பார்க்கச் சொல்லி, அந்த எண்ணை வைத்து டாக்டர்கள் மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஒன்பது மாதம் கழித்து, பெரும்பாலோர் மாத்திரையை விட்டபிறகும், வீட்டில் பார்த்தவர்களின் கீழ் எண் சராசரியாக 6 அளவு குறைவாக இருந்தது. அந்தச் சில வாரங்கள் ஒரு வாசல். அந்த வாசல் திறந்திருந்தபோது நான் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்து பலநாள் அழுதிருக்கிறேன்.

இரண்டு வீட்டுக்கு நடுவில்

யாரையும் குற்றம்சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கிராம சுகாதார செவிலியர் ஏறக்குறைய 5000 பேரைப் பார்க்கவேண்டும் என்பது கணக்கு. கர்ப்பிணிகள், ஊசிகள், பதிவேடுகள், இப்போது கணினியில் ஏற்றும் வேலை வேறு. ஆனால் நம்முடைய வழக்கமே இந்தப் பெண்களைத் தொலைப்பதற்கு வசதியாக அமைந்திருக்கிறது. குளச்சல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் பிரசவத்துக்குக் குலசேகரத்துக்கு வருகிறாள். கர்ப்ப காலத்தில் பிபி பார்த்த நர்ஸ் அங்கே, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி வேறு ஊரில், பிள்ளைக்கு ஊசி போடும் நர்ஸ் இங்கே. களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய்ப் பிள்ளை பெற்று வருகிறவர்களும் நம் பக்கம் நிறைய. அவர்களுடைய தாள் வேறொரு மாநிலத்தில் இருக்கும். மூன்று மாதம் ஆனதும் சீர்செய்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறோம். 12 வாரம் ஆகி, பிபி போய்விட்டதா நிற்கிறதா என்று பார்க்கவேண்டிய அதே நேரம் அவள் தொட்டிலும் பையுமாகப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் பிள்ளை தொலைவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் புதன்கிழமை வந்தால் பிள்ளை ஊசிக்கு வந்துவிடும். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் யார்? தனியாக அவளை வரச்சொல்லவேண்டாம், புதிதாகத் திட்டம் போடவேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற மெஷின் அதே அறையில் இருக்கிறது. பிள்ளைக்கு ஊசி போட்டபிறகு அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்களே, அந்த அரைமணியில் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்ற ஐந்து நிமிஷம் கிடைக்காதா? இரண்டரை மாத ஊசிக்கும் மூன்றரை மாத ஊசிக்கும் நடுவில்தான் அந்த 12 வாரம் வருகிறது. பார்ப்பவரிடம் எல்லாம் இதையே சொல்லி வருகிறேன்.

தங்கையின் நோட்டு

தங்கைக்கு எட்டாம் மாதம் பிபி என்று தெரிந்த அன்றே மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் மேல்கையில் சுற்றும் மெஷின் ஒன்று வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள். மணிக்கட்டில் கட்டுவதை எடுக்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். அவள் டிஸ்சார்ஜ் ஆகி வந்த நாலாம் நாளிலிருந்து காலையும் மாலையும் பார்த்தோம். முதலில் மூத்திரம் போய்விட்டு வரவேண்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல். ஐந்து நிமிஷம் பேச்சு கிடையாது. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது பார்க்கக் கூடாது. சாயா குடித்திருந்தால் அரைமணி பொறுக்கவேண்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டுமுறை பார்த்து இரண்டையும் எழுதவேண்டும். சித்திக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "பச்சை உடம்புக்காரியை இப்படிப் பிடிச்சு இருத்துதியே" என்றார்.

ஐந்தாம் நாள் மாலை 152/98. டாக்டருக்குப் போன் செய்தோம், மாத்திரை அளவைக் கூட்டினார். மறுநாள் சித்தியே மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாலுக்குப் போகுமே என்ற பேச்சு இங்கேயும் வந்தது. பால் கொடுக்கிற தாய்மாருக்கென்றே டாக்டர்கள் தேர்ந்தெடுத்துத் தருகிற மாத்திரைகள் உண்டு, நிபெடிபினும் லேபெடலாலும் அந்த வகை. டாக்டர் இதைச் சித்தியிடம் நேராகவே சொன்னார். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. பேறுகால மருந்தும் பத்தியமும் நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பால்சுறா புட்டும் நடந்தது. கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் தள்ளிவைத்தோம், அதிலுள்ள உப்புக்காக. கருத்தடை மாத்திரை பற்றி யோசித்தபோது மாலா-டி மாதிரி ஈஸ்ட்ரோஜன் கலந்தது வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார். பிபி உள்ளவர்களுக்கு அது சரிப்படாதாம். அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் நாள் தள்ளியதும் வரச்சொல்லியிருக்கிறார். கர்ப்பத்தின் 12ஆவது வாரத்தையொட்டிக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கவேண்டுமாம். இதையெல்லாம் தங்கை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள்.

அந்தப் புதன்கிழமை நர்சம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். பேசாமல் எழுந்துபோய் மெஷினைக் கொண்டுவந்து தங்கையை நாற்காலியில் உட்காரவைத்தார். பிள்ளை ஊசி வலியில் என் தோளில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. "பிள்ளை அடங்கட்டு, அழுகை கேட்டா அம்மைக்குக் கூடும்" என்று காத்திருந்தார். 144/92. அட்டையைத் திறந்தார். எல்லோரும் திறந்து பார்க்கிற பக்கம் ஊசிப் பக்கம்தான் என்பதாலோ என்னவோ, அந்தப் பக்கத்து ஓரத்திலேயே, ஒன்றரை மாத ஊசிக்கு நேராக, நீல பேனாவால் "அம்மா 144/92" என்று எழுதினார். இரண்டரை மாதத்துக்கு நேராக 136/86. மூன்றரை மாத ஊசி தங்கையின் மாப்பிள்ளை ஊரில், வேறொரு நர்சிடம். நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் போனில் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பழைய இரண்டு எண்களுக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், "அம்மா 124/80" என்று இருந்தது.